அழாத பிள்ளை

முதலில் இந்தத் தண்ணீரைக் குடியுங்கள். விமானம் கிளம்பியதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து மூக்கு நுனி சிவந்துவிட்டது. கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களே, அந்தப் படம் உங்கள் பையன்தானே? அதுதான் நினைத்தேன். அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். ஒன்றரை வயதா? அப்படியென்றால் கவலையே வேண்டாம். அந்த வயதுக் குழந்தைக்கு எதுவும் மனதில் தங்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.

நானும் விட்டுவிட்டுத்தான் வருகிறேன். மூத்தவள், மித்ரா. ஐந்து முடிந்துவிட்டது. கரூரில் என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். இதோ நமக்கு நடுவில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகத் தூங்குகிறானே, இவன் சின்னவன், ஆதவ். இவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஜெர்மனி திரும்புகிறேன். நான் அழுகிறேனா, பாருங்கள்.

உங்களுக்கு எந்த ஊர்? நாமக்கல்லா! ஆற்றுக்கு அந்தக் கரை. அப்படியானால் நம் பக்கத்துப் பழக்கமெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும்போது பையனிடம் சொல்லிக்கொண்டு வந்தீர்களா? இல்லையா? அதுதான் சரி. முகத்தைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்று சொன்னால் குழந்தை ஏங்கிவிடும். ஏங்கினால் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேட்காது. பராக்குக் காட்டிவிட்டு நழுவிவிட வேண்டும். காக்காய் காட்டு, கடைக்குத் தூக்கிப் போ, பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைக் காட்டு. குழந்தை திரும்பிப் பார்க்கும்போது நாம் அங்கே இருக்கக் கூடாது. என்னையும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள். உங்களையும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். நாம் என்ன கெட்டா போய்விட்டோம்?

மித்ராவை முதல் தடவை விட்டது இரண்டரை வயதில். ஆமாம், இது இரண்டாவது தடவை. என் வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில், எர்லாங்கனில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி இயந்திரங்கள் செய்கிற கம்பெனி. எனக்கு அப்போது இவன் வயிற்றில். வாந்தியென்றால் அப்படியொரு வாந்தி. கனமான எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். போகிற இடத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மித்ராவோ என் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. என்ன செய்வது? ஆறு மாதம் அக்காவிடம் இருக்கட்டும், பிரசவம் முடிந்து கூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அக்கா பூங்கொடிக்குக் குழந்தை இல்லை. மாமா பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. வீட்டில் இரண்டே பேர். குழந்தையைத் தரையில் விடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு அக்கா அவளை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்துக் கடைக்குக் கூட்டிப் போனாள், சேமியா ஐஸ் வாங்கித் தர. சேமியா ஐஸ் என்றால் மித்ராவுக்கு உயிர். அந்த நேரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பிவிட்டோம். கார் அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நான் சீட்டில் குனிந்துகொண்டேன், செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி. "பாக்கல, எந்திரி" என்றார் இவர். எழுந்து பார்த்தேன். பின்கண்ணாடியில் மொபெட் மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அழுதாளா?"

"அழுகல."

"பாத்தியா, நாஞ் சொன்னனில்ல?"

அக்கா, "வை, அடுப்புல பால் இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

வீடியோவில் கூப்பிடாதே, முகத்தைப் பார்த்தால் ஏங்கும் என்றார்கள். கூப்பிடவில்லை. கொஞ்சம் வளர்ந்த பிறகு கூப்பிட்டேன். திரையை ஒரு பார்வை பார்ப்பாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். ஓடிவிடுவாள். விளையாட்டுப் பிள்ளை.

ஆறு மாதம் என்றது நீண்டது. நீள்வதுதானே வழக்கம். இவன் பிறந்தான், குளிரில் இவனுக்கு நெஞ்சுச்சளி, அப்புறம் விசா, அப்புறம் வீடு மாற்றினோம். அவளைக் கூட்டி வரும்போது நாலரை வயதாகிவிட்டது.

வந்தாளே, எப்படிப்பட்ட குழந்தை தெரியுமா? நீங்கள் நம்ப மாட்டீர்கள். "அம்மா, நான் தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். தன் வீட்டில்! ஃபிரிட்ஜைத் தானாகத் திறக்க மாட்டாள். சோபாவின் நுனியில்தான் உட்காருவாள். போட்ட துணியை மடித்து அவள் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். அலமாரியில் அவளுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, பூனைப்படம்கூட ஒட்டி வைத்தேன், அதில் வைக்க மாட்டாள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அவள் படுக்கை விரிப்பு குளியல் தொட்டியில் கிடக்கிறது. படுக்கையை நனைத்துவிட்டாள். எங்களை எழுப்பாமல் தானே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டு, ஈரத்தின்மேல் துண்டு விரித்துப் படுத்திருக்கிறாள். அவ்வளவு பொறுப்பு.

அங்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு திருச்சிக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் பிள்ளை நூடுல்ஸைச் சுவரில் எறியும். அந்தப் பெண் என்னைக் கேட்பாள், "எப்படி அக்கா இப்படி வளர்த்தீங்க?" என்று. நான் சிரித்துக்கொள்வேன்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். கிண்டர்கார்டன். உங்களுக்கும் ஒருநாள் வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குழந்தையைச் சேர்த்தால் அன்றைக்கே விட்டுவிட்டு வந்துவிட முடியாது. அம்மாவோ அப்பாவோ சில வாரம் கூடவே போய், ஒரு மூலையில், குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முட்டி நெஞ்சில் இடிக்கும். குழந்தை பழகப் பழக நாம் கால் மணி நேரம், அரை மணி நேரம் வெளியே போய் வரலாம். ஆனால் போகும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அது சட்டம் மாதிரி. சில குழந்தைகள் அம்மாவின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் வெளியே விடும். பிறகு ஜன்னலுக்கு ஓடிக் கையாட்டும். அம்மா போவது குழந்தையின் கையால் நடக்க வேண்டுமாம். சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டு, ஜன்னலில் நின்று அழும். அழுதால் டீச்சர் மடியில் வைத்துக்கொள்வாள். என்ன தத்துவமோ!

முதல் தடவை என்னை வெளியே போய் வரச் சொன்ன அன்று மித்ரா கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நம் புத்தி. மெதுவாக எழுந்தேன். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கிறேன், பின்னாலேயே ஓடி வருகிறாள் டீச்சர். ஹைகே என்று பெயர். அங்கே பொடிசுகள்கூட டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். வீட்டுக்குள் போடுகிற செருப்போடு, மழையில் ஓடி வருகிறாள்.

"சொன்னீர்களா அவளிடம்?" என்கிறாள்.

"விளையாடுகிறாள், எதற்குத் தொந்தரவு" என்கிறேன்.

"அவள் நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாருங்கள், சொல்லிவிட்டுப் போங்கள்" என்கிறாள்.

திருடியைப் பிடித்துப் போகிற மாதிரி என்னைத் திரும்பக் கூட்டிப் போனாள். மற்ற அம்மாக்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். நான் மித்ரா பக்கத்தில் குனிந்து, "அம்மா போயிட்டு வர்றேன் சாமி" என்றேன். அவள் நிமிரவில்லை. "சரிங்க" என்றாள். அடுத்த கட்டையை எடுத்து வைத்தாள். இதற்கா அந்த ஓட்டம்?

கொஞ்ச நாள் கழித்து அதே ஹைகே என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். டீ எல்லாம் கொடுத்தாள். அரை ஆங்கிலமும் அரை ஜெர்மனுமாகச் சொன்னாள், "உங்கள் மகள் அழுவதே இல்லை."

"ரொம்ப நன்றி" என்றேன்.

"இல்லை, நான் பாராட்டவில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றாள்.

கேட்டீர்களா கதையை? மித்ரா உள்ளே வந்தால் மேல்கோட்டைக் கழற்றுவதில்லையாம். முதுகுப்பையை மாட்டிக்கொண்டே விளையாடுகிறாளாம். ஒருநாள் தோட்டத்தில் விழுந்து முழங்கால் தேய்ந்துவிட்டதாம். யாரிடமும் வரவில்லையாம். கழிப்பறைக்குப் போய்க் குழாயில் தானே கழுவி, காகிதம் வைத்து ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாளாம். ரத்தம் காலுறையில் இறங்கிய பிறகுதான் இவர்களுக்கே தெரிந்ததாம். பிள்ளை தைரியசாலி என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? அழுதால் குற்றம் என்பார்கள், அழாவிட்டாலும் குற்றமா? நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அவங்களுக்கு வேற வேலையில்ல, விடு" என்றார்.

அப்போதுதான் அக்கா வந்தாள், கொஞ்ச நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போக. இவர்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு எல்லாரும் போனோம். மித்ரா, இவன் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அக்கா வெளியே வந்தாள். இவள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக நடந்துபோய், இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, அக்காவின் தொடையில் அடித்தாள். அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். என் மகள், ஒருவரையும் விரல் படத் தொடாதவள், அடிக்கிறாள்! அக்கா, "அடி, அடி, இன்னும் அடி" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் மித்ரா அழுதாளே ஓர் அழுகை. அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவ்வளவுதான், குழந்தை கெட்டுப்போனது. இட்லி வைத்தால் தோசை வேண்டும் என்பாள். தோசை வார்த்தால் முறுகலாக இல்லை என்பாள். சூப்பர் மார்க்கெட்டில் தரையில் படுத்து உருண்டாள். ஃபிரிட்ஜைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனாள். சுவரில் கிரேயானால் யானை வரைந்தாள். கிண்டர்கார்டனில் கோட்டைக் கழற்றி எறிந்தாள். ஹைகேவுக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லது, மிக நல்லது" என்கிறாள். ஒரு குழந்தை கட்டையால் இன்னொரு குழந்தை மண்டையில் போட்டதைப் பார்த்துவிட்டு நல்லது என்கிற டீச்சரை நான் அங்கேதான் பார்த்தேன்.

"ரொம்பச் செல்லம் குடுக்கறக்கா" என்றேன்.

"குடுக்கறேன். இப்ப என்ன அதுக்கு?" என்றாள் அக்கா.

ஒருநாள் மித்ராவைக் கொண்டுபோய் விட நாங்கள் இரண்டு பேருமே போனோம். மித்ரா அக்காவின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக் கதவு வரைக்கும் தள்ளினாள். அக்கா வேண்டுமென்றே நகராமல் நிற்கிறாள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறாள். "ஏய், எருமை தள்ளற மாதிரி தள்ளறாளே" என்று அக்கா சொல்ல, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "என்னையும் தள்ளு கண்ணு" என்றேன்.

உடனே கையை எடுத்துவிட்டாள். ஒதுங்கி நின்று வழிவிட்டாள். "நீங்க போங்கம்மா" என்றாள்.

மரியாதை தெரிந்த குழந்தை. அம்மாவைத் தள்ளலாமா?

அக்கா ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தது. எனக்குத்தான் யோசனை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன், "காலைல அவ கிண்டர்கார்டன் போனதும் நீ கிளம்பிக்கோ அக்கா. சாயங்காலம் வந்து கேட்டா நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"சொல்லாமயா?"

"சொன்னா ஏங்கிருவாக்கா."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நாங்க ஐஸ் வாங்கிட்டு வந்து பாத்தா, காரக் காணோம். அம்மாவுக்கும் ஒண்ணு வேணும்னு அவ கேட்டு வாங்கி வெச்சிருந்தா, தெரியுமா உனக்கு? ஏதோ ஒளிஞ்சு விளையாடறீங்கன்னு நெனச்சுக்கிட்டா. சிரிச்சுக்கிட்டே தேடறா. கட்டிலுக்கடியில பாத்தா. பீரோவுக்குப் பின்னால பாத்தா. தண்ணித் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தா. ஐஸு உருகி முழங்கை வழியா ஒழுகுது, கீழ போட மாட்டேங்கறா. பொழுது சாயற வரைக்கும் தேடுனா. அப்பறம் தேடல. அதுக்கப்பறம் நான் குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய உக்காந்துக்குவா. நீ பாக்கல சுகந்தி. நான் பாத்தேன். இன்னொருக்கா அந்தக் காரியத்த என்னால பண்ண முடியாது."

அக்காவுக்கு எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு பாம்பைப் பார்த்தால் மூன்று என்பாள்.

அவள் சொல்லிவிட்டாள். மித்ராவை மடியில் உட்கார வைத்து, "பெரீம்மா ஊருக்குப் போகோணும் சாமி. உன்ற பெரியப்பனுக்குச் சோறு பொங்கறதுக்கு ஆளில்ல. நீ தம்பி காதுகுத்துக்கு வருவீல்ல, அப்பப் பாக்கலாம்" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அந்த நிமிஷத்தில் தொடங்கிய அழுகை விமான நிலையம் வரைக்கும் ஓயவில்லை. அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு கூப்பாடு. துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்காவும் அழுதுகொண்டே உள்ளே போய் மறைந்தாள். நான் மித்ராவைத் தூக்கினேன்.

தூக்கியதும் அழுகை நின்றுவிட்டது. சட்டென்று. குழாயை மூடின மாதிரி. என் கை ராசி அப்படி.

நான் சொன்னதுதான் பலித்தது. காய்ச்சல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். எனக்குத் தெரியாதா அது என்ன காய்ச்சல் என்று? காய்ச்சல் போனது, சாப்பாடு இறங்கவில்லை. கோட்டுப் பித்தானை மறுபடியும் கழுத்துவரைக்கும் போட்டுக்கொண்டாள். ஹைகேவிடம் போய், "பார்த்தீர்களா, சொல்லிவிட்டுப் போனதால் வந்த வினை" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அழ இடம் கிடைத்தது, அழுதாள். நீங்கள் கூடவே இருங்கள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். ஒருநாள் உங்களிடமும் அழுவாள்."

எத்தனை நாள்? அதை அவள் சொல்லவில்லை.

நானும் செய்துதான் பார்த்தேன். செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் குனிந்து சொல்வேன். "சரிங்க" என்பாள். வெளியே வந்து, ஜன்னலுக்கு அடியில், சுவரை ஒட்டி, அவளுக்குத் தெரியாதபடி நிற்பேன். பனி கொட்டும். இவன் வண்டியில் சிணுங்குவான். உள்ளே மற்றக் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு குரலாகப் பிரித்துப் பிரித்துக் கேட்பேன். இது சுருட்டை முடிப் பையன், இது துருக்கிக்காரப் பெண்ணின் மகள். மித்ராவின் குரல் இருக்காது. கொஞ்ச நேரம் இன்னும் நின்று பார்ப்பேன். நல்லதுதானே. அழாமல் இருப்பது நல்லதுதானே? நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்.

இந்தத் தடவை ஊருக்கு வந்தது இவனுடைய மொட்டைக்கும் காதுகுத்துக்கும். குலதெய்வம் கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். எனக்குக் கூடப் பிறந்த தம்பி இல்லை, பெரியப்பா மகன்தான் மாமன். இவர் லீவு இல்லையென்று விசேஷம் முடிந்ததும் திரும்பிவிட்டார். நானும் பிள்ளைகளும் அக்கா வீட்டில் இருந்தோம். மித்ரா இறங்கிய அன்றைக்கே இரண்டு தோசை தின்றாள். தெருப் பிள்ளைகளோடு சண்டை போட்டுக் கத்தினாள். "பெரீம்மா, இவன் என்னைக் கிள்ளிட்டான்" என்று அழுதுகொண்டு ஓடி வருவாள். வாசலில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

இவரிடம் போனில் சொன்னேன். "அங்கயே நல்லா இருக்கறான்னா ஒரு வருஷம் இருக்கட்டுமே. பள்ளிக்கூடத்துல சேத்திவிட்டுட்டு வா. தமிழும் எழுதப் பழகிக்குவா" என்றார். நியாயமான பேச்சு. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே இருப்பதுதானே நல்லது? பெற்றவள் தன் ஆசையைப் பார்க்கலாமா?

அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "கொஞ்ச நாள் இங்க கொஞ்ச நாள் அங்கன்னு தூக்கித் தூக்கி வைக்கறதுக்கு அவ என்ன சீர்ப் பாத்திரமா?" என்றாள்.

"உனக்காகத்தான்கா சொல்றேன்."

"எனக்காகச் சொல்லாத. அவளக் கேளு."

சரியென்று கேட்டேன். மித்ரா அப்போது கொல்லையில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். "பெரீம்மாகூட இருக்கறயா, அம்மாகூட வர்றயா? உனக்கு எது பிடிக்குதோ சொல்லு சாமி" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். எது சரியான பதில் என்று என் முகத்தில் எழுதியிருக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதுங்கம்மா" என்றாள்.

ஐந்து வயதில் இப்படியொரு பதில் யார் சொல்லுவார்கள்? பெரிய மனுஷர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ விட்டுட்டுப் போனீன்னா, திருப்பிக் கேக்காத சுகந்தி. நான் தர மாட்டேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கண்ணில் நீரோடு சொன்னாள், ஆனாலும் விளையாட்டாகத்தான். ஒரு வருஷம்தானே.

இந்தத் தடவை நான் சொல்லாமல் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் கடைக்கெல்லாம் அனுப்பவில்லை. ஹைகே சொல்லிக்கொடுத்த மாதிரியே, கார் வந்து நின்றதும் அவள் உயரத்துக்கு மண்டியிட்டு, கண்ணைப் பார்த்து, "அம்மா ஜெர்மனிக்குப் போயிட்டு வர்றேன் சாமி. அடுத்த வருஷம் வந்து உன்னைக் கூட்டிக்குவேன்" என்றேன். அழுவாள் என்றுதான் நினைத்தேன். அழுதால் என்ன செய்ய வேண்டும், எப்படிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"சரிங்கம்மா. பாத்துப் போங்க" என்றாள்.

நான் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டேன். அப்போது அவள் என் முந்தானையைத் தொட்டு, "ஆதவ்கிட்டச் சொல்லீட்டீங்களா?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லோணும்?"

"போறோம்னு."

"அவன் கொழந்த சாமி. அவனுக்கென்ன தெரியும்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். காருக்குள் ஏறி, இவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, இவன் கன்னத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள். "ஆதவ், இங்க பாரு. நீ இப்பக் கார்ல போறே. அப்பறம் ஏரோப்ளேன்ல போறே. அம்மா உன்கூடத்தான் வர்றாங்க. நான் வரல. கட்டிலுக்கடியில எல்லாம் தேடாத, என்ன? நான் அங்க இருக்க மாட்டேன். இங்க இருப்பேன்." இவன் தலையை ஆட்டினான். இறங்கிப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தம்பிமேல் அவ்வளவு பாசம். அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், சென்னை வரும்வரைக்கும். வேறொன்றும் நினைக்கவில்லை.

ஆகவே நீங்கள் கவலைப்படாதீர்கள். உங்கள் பையன் இந்நேரம் உங்களை மறந்திருப்பான். என்ன, மறுபடியும் ஏன் கண் கலங்குகிறீர்கள்? நல்லதைத்தானே சொன்னேன்.

ஒரு உதவி செய்கிறீர்களா? நான் கழிப்பறைக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடுகிறேன், இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தொந்தரவு இருக்காது, அயர்ந்து தூங்குகிறான். எழுவதற்குள் வந்துவிடுவேன். போனதே இவனுக்குத் தெரியப்போவதில்லை.

இருங்கள். ஒரு நிமிஷம் இருங்கள்.

ஆதவ். ஆதவ் கண்ணு. எந்திரி சாமி. கண்ணத் தொறந்து அம்மாவப் பாரு. இங்க பாரு. அம்மா பாத்ரூமுக்குப் போயிட்டு வர்றேன். அந்தா, அந்த முன்னால இருக்கற கதவு, தெரியுதா? இந்தச் சித்திகூட உக்காந்திரு. அம்மா அந்தக் கதவுக்குள்ள போயிட்டு, திரும்பி வந்துருவேன்.

அடடா, ஆரம்பித்துவிட்டான். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பி அழ வைக்கிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைப்பார்கள். இல்லைங்க, பிஸ்கட்டெல்லாம் காட்டாதீர்கள். கைப்பேசியும் வேண்டாம். பராக்குக் காட்டாதீர்கள். எப்படி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான் பாருங்கள், மூச்சு விட முடியவில்லை. நான் எங்கேயும் போகவில்லை சாமி, இங்கேதான் இருக்கிறேன்.

விடுங்கள். அழட்டும். கொஞ்ச நேரம் அழட்டுமுங்க.